ஆவடியை மறுத்தவர்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் கட்சியின் அறுபதாவது மாநாடு நடந்தது. தலைவர் தேபர். முன்நின்று வரவேற்றவர் முதல்வராகி ஒன்பது மாதமே ஆகியிருந்த காமராஜர். மாநாட்டுத் திடலுக்கு அவருடைய அரசியல் ஆசான் சத்தியமூர்த்தியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதே நாட்டின் பொருளாதார இலக்கு என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. ஆவடி தீர்மானம் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு இந்தியாவில் யார் தொழிற்சாலை கட்டலாம், எவ்வளவு இரும்பு வாங்கலாம், வருஷத்துக்கு எத்தனை சைக்கிள் செய்யலாம் என்பதையெல்லாம் முடிவு செய்த மனப்போக்கு ஆளும் கட்சியின் அறிவிக்கப்பட்ட கொள்கையானது அங்கேதான்.

அந்தப் போக்கை எதிர்த்து எண்பது வயதில் சுதந்திராக் கட்சி என்ற புதுக்கட்சி தொடங்கியவர் ராஜாஜி. அவரைப் பற்றித் தமிழில் இரண்டு விதமாகத்தான் எழுதுகிறார்கள். ஒரு சாராருக்கு அவர் மூதறிஞர், காந்தியின் மனசாட்சிக் காவலர், தவறே செய்யாதவர். இன்னொரு சாராருக்குக் குலக்கல்வி ஆச்சாரியார். அதற்கு மேல் பேசுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு தரப்புமே அவர் என்ன சொன்னார், எதில் சரியாக இருந்தார், எந்த இடத்தில் சறுக்கினார் என்று பிரித்துப் பார்க்க மறுக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பிரித்துப் பார்த்தல் அவசியம் என்று நினைக்கிறேன். அவர் மறுத்த கொள்கையும் அவர் விரும்பிய கொள்கையும் ஒன்றன்பின் ஒன்றாக இந்த மண்ணில்தான் செயல்பட்டுப் பார்க்கப்பட்டன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைத்துப் பொருள் செய்கிறவனை அரசாங்கம் எப்படியெல்லாம் முடக்கும் என்பதை ராஜாஜி அளவுக்குத் தெளிவாகப் பார்த்த இந்தியத் தலைவர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை. தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவனை ஊரும் சாதியும் எப்படி முடக்கும் என்பதை அவர் அதே தெளிவுடன் பார்க்கவில்லை. முதல் பார்வைக்காக அவருக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. இரண்டாவது குறைக்கு அவருடைய அரசியலே விலையானது.

சேலம் நகரசபைத் தலைவர், வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத் தளபதி, 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர், மேற்கு வங்க ஆளுநர், இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், படேலுக்குப் பின் மத்திய உள்துறை அமைச்சர், 1952-ல் சென்னை மாநில முதல்வர், 1954-ல் முதல் வரிசையிலேயே பாரத ரத்னா. இவ்வளவு பதவிகளைப் பார்த்த ஒருவர் பிறகு அரசாங்கத்தின் கையைக் கட்ட வேண்டும் என்று சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. அதிகாரத்தை வெளியிலிருந்து வெறுத்தவர் அல்லர் அவர். கோப்புகள் எப்படி நகர்கின்றன, ஒரு கையெழுத்துக்காக மனிதர்கள் எவ்வளவு தாழ்ந்துபோகிறார்கள் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்.

1952 ஜூனில் அவர் செய்த ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த ரேஷனும் உணவுக் கட்டுப்பாடும் போர் முடிந்து ஏழு ஆண்டுகளாகியும் நீடித்தன. ஒரு மாவட்டத்து அரிசி இன்னொரு மாவட்டத்துக்குப் போக அனுமதி வேண்டும். மூட்டையை மறித்து நிற்கச் சோதனைச் சாவடி, சாவடியில் கை நீட்ட ஆள். முதல்வர் பொறுப்பேற்று இரண்டு மாதம் முடிவதற்குள் ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். பஞ்சம் வரும், விலை ஏறிவிடும் என்று பயந்தவர்கள் அதிகம். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் மட்டும் துணை நின்றார். பதுங்கியிருந்த அரிசி வெளியே வந்தது. அடுத்த ஆண்டு விளைச்சலும் கைகொடுத்தது. பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. புத்தகத்தில் படித்த பொருளாதாரத்தால் அவர் இந்த முடிவுக்கு வரவில்லை. சாவடியில் நிற்கும் மனிதனுக்குக் கொடுத்த அதிகாரம் ஏழையின் அரிசி விலையில்தான் போய் ஏறும் என்ற எளிய கணக்கால் வந்தார்.

பின்னாளில் அவர் பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று பெயர் வைத்துச் சாடியது இதே கணக்கின் நீட்சிதான். 1951-ல் வந்த தொழில்கள் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள எந்தப் பொருளுக்கும் புதிய ஆலை கட்டவோ, இருக்கும் ஆலையைக் கணிசமாகப் பெருக்கவோ டெல்லியின் உரிமம் வேண்டும். சைக்கிளும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதே ஆண்டில்தான் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் உற்பத்தி தொடங்கியது. ஹெர்குலிஸ் சைக்கிளில் வேலைக்குப் போன தலைமுறை அந்த ஒரு வண்டியை எவ்வளவு பொத்திப் பாதுகாத்தது என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். சைக்கிளை விரும்பி வாங்க நாட்டில் கோடிப் பேர் காத்திருந்தாலும், எத்தனை செய்யலாம் என்பதை வாங்குகிறவரும் செய்கிறவரும் பேசி முடித்துக்கொள்ள முடியாது என்பதுதான் அந்த ஏற்பாடு.

பெரிய கம்பெனிகள் டெல்லியில் ஆள் வைத்து உரிமம் வாங்கிக்கொள்ளும். அடி விழுந்தது சின்னப் பட்டறைகளுக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டின் உட்தெரு ஒன்றில் வாடகை ஷெட்டில் இரண்டு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். எழுபதுகளில் தொழில் தொடங்கியவர். பேசிக்கொண்டே, சக்கில் மாட்டிய கம்பியின் மேல் மைக்ரோமீட்டரை வைத்துத் திருகி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அளவைப் படித்தார். "இரும்பு கோட்டா வந்தாத்தான் தம்பி வேலை. வராத மாசம் பிளாக்ல வாங்கணும். யார்கிட்ட? கோட்டா கெடச்சவன்கிட்டயேதான். அவன் ஷெட்ல மெஷினே இருக்காது. போர்டு மட்டும் தொங்கும்" என்றார். மெஷின் வைத்து உழைப்பவனுக்கு இரும்பு கிடைக்காது. போர்டு மட்டும் வைத்திருப்பவனுக்குக் கிடைக்கும், அவன் உட்கார்ந்த இடத்தில் லாபம் பார்ப்பான். சுதந்திராக் கட்சி மேடைகளில் ராஜாஜி பேசியதன் சாரம் முழுவதும் அந்தப் பெரியவரின் இந்தச் சில வாக்கியங்களில் இருக்கிறது. சோஷலிசம் என்ற பெயரில் நடப்பது பணக்காரனை ஏழையாக்குவதும் அல்ல, ஏழையைப் பணக்காரனாக்குவதும் அல்ல. அதிகாரியின் அருகில் இருப்பவனைப் பணக்காரனாக்குவது என்பதை 1950களின் இறுதியிலேயே வாராவாரம் 'ஸ்வராஜ்யா'விலும் 'கல்கி'யிலும் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தப் பெரியவரின் ஷெட் எங்கே இருந்தது? அம்பத்தூர் தொழிற்பேட்டையில். அதைக் கட்டியது யார்? அரசாங்கம். ராஜாஜியின் பக்தர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது 1958-ல் கிண்டியிலும், 1964-ல் அம்பத்தூரிலும் அரசு நிலம் எடுத்து, மனை பிரித்து, சாலை போட்டு, மின்சாரம் இழுத்து, கையில் சொற்ப முதலோடு வந்த இன்ஜினியர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் கொடுத்தது. வங்கி எட்டிப் பார்க்காத மனிதர்கள் அவர்கள். சந்தை தானாக இதைச் செய்திருக்கும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965 இறுதியில் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அப்படிப்பட்ட ஆலையை அன்று இந்தியத் தனியார் யாரும் கட்டியிருக்க முடியாது. அதைச் சுற்றிக் குடியிருப்புகளும் பள்ளிகளும் வந்தன. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற நிம்மதி, முந்தின தலைமுறை வரை அதைப் பார்த்தே இராத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வந்தது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா போன்ற தனியார் ஆலைகளும் அம்பத்தூரின் சிறு பட்டறைகளும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. இங்கே அரசாங்கம் செய்தது தடையல்ல, அடித்தளம்.

ஆக, ஆவடியில் எடுத்த தீர்மானத்தின் பெயரால் இரண்டு வேறு காரியங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, இல்லாததைக் கட்டிக் கொடுப்பது. மற்றொன்று, இருப்பவன் கையைப் பிடித்து நிறுத்துவது. ராஜாஜி இரண்டாவதைக் கண்டித்த வேகத்தில் முதலாவதையும் சேர்த்தே சந்தேகப்பட்டார். காமராஜரும் வெங்கட்ராமனும் முதலாவதைத் திறமையாகச் செய்தார்கள். இரண்டாவதை டெல்லியிடம் விட்டுவிட்டார்கள். சிறுதொழில்களுக்கென்று சில பொருள்களை ஒதுக்கிவைக்கும் திட்டம் இந்தக் குழப்பத்துக்கு நல்ல உதாரணம். 1967-ல் 47 பொருள்களோடு தொடங்கி எண்ணூறைத் தாண்டிப் போனது. 2015-ல்தான் முழுதாக முடிந்தது. பெரிய கம்பெனிகளிடமிருந்து அம்பத்தூர் பட்டறைகளைக் காத்தது அதுதான். வளர்ந்துவிட்டால் சலுகை போய்விடும் என்று ஒரே கம்பெனியை அண்ணன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று பிரித்து வைத்துக் குள்ளமாகவே இருக்கச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான்.

1991-ல் உரிம முறை தளர்ந்த பிறகு ராஜாஜி வென்றுவிட்டார் என்று எழுதுகிறவர்கள் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்ப் பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் காரை வெளியே விட்டது. உரிம ராஜ்யம் போனதால்தான் அது சாத்தியமானது, ஐயமில்லை. ஆனால் நிலத்தை எடுத்துக் கொடுத்தது அரசின் சிப்காட். வரிச் சலுகையும் தண்ணீரும் மின்சாரமும் அரசு கொடுத்தவை. ராஜாஜி விரும்பிய ஒதுங்கி நிற்கும் அரசு அல்ல இது. பெரிய முதலாளிக்காக முன்னால் ஓடும் அரசு. சின்னப் பட்டறைக்காரருக்கு இன்றைக்கும் அதே அளவு உபசாரம் கிடைப்பதில்லை. சலுகைகள் அதிகாரியின் அருகில் இருப்பவனுக்கே போகும் என்ற அவருடைய எச்சரிக்கை, அவர் ஜெயித்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் பொருந்துகிறது.

இனி அவருடைய பெரிய தவறு.

1953-ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவு காலையில், மறு பிரிவு பிற்பகலில். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்பது ஏற்பாடு. இருக்கும் கட்டடம், இருக்கும் வாத்தியாரை வைத்தே இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகளின் தொகையை நினைத்தால் அந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் அன்றைய கிராமத்தில் அப்பன் தொழில் என்பது சாதி. பெரியாரும் அண்ணாவும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். மே மாதத்தில் காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அதை அறிவித்தவர் ராஜாஜி அமைச்சரவையிலும் இருந்த சி. சுப்பிரமணியம்.

சாதி வெறியால் செய்தார் என்று முடிப்பது சுலபம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 1939-ல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தபோது, அவர்களைச் சட்டத்தால் காப்பாற்றியது ராஜாஜி அரசு. 1938-ல் விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தார். 1952-ல் தஞ்சையில் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் மிராசுதார் நினைத்தபடி வெளியேற்றாமல் தடுக்க அவசரச் சட்டம் போட்டார். சமூகம் அநியாயம் செய்யும்போது அரசு குறுக்கே நிற்கலாம் என்பதை அறிந்தவர்தான்.

அப்படியானால் எங்கே பிசகியது? காந்தியின் வார்தா கல்வியோடு ஒப்பிட்டால் தெரியும். வார்தா திட்டத்தில் கைத்தொழில் பள்ளிக்கூடத்துக்குள் வருகிறது. எல்லாப் பிள்ளையும் ஒரே ராட்டையைச் சுற்றுகிறது. ஐயர் வீட்டுப் பிள்ளையும் நூற்க வேண்டும், குயவர் வீட்டுப் பிள்ளையும் நூற்க வேண்டும். ராஜாஜி கைத்தொழிலைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார். வீட்டுக்கு அனுப்பியவுடன் அவரவர்க்கு அவரவர் அப்பன் தொழில் என்றாகிவிட்டது. கை வேலைக்கு மதிப்பு வேண்டும், புத்தகம் மட்டுமே படிப்பல்ல என்ற உயர்ந்த எண்ணம், இந்த ஓர் இட மாற்றத்தால் பிறப்பின் சிறைக்குப் பூட்டாக மாறியது. குடும்பமும் கிராமமும் இயல்பான, நல்ல அமைப்புகள், அரசாங்கம்தான் செயற்கையானது என்ற அடிப்படை நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கை சந்தையில் அவரைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனது. பள்ளிக்கூடத்தில் தவறான இடத்தில் நிறுத்தியது.

அம்பத்தூர் எஸ்டேட் இதற்குச் சாட்சி சொல்லும். அறுபது, எழுபதுகளில் செங்கல்பட்டு, வட ஆற்காடு கிராமங்களிலிருந்து வந்து ஐ.டி.ஐ. படித்து டர்னராகவும் ஃபிட்டராகவும் கிரைண்டராகவும் நின்றவர்களில் எத்தனை பேருக்கு அது அப்பன் தொழில்? கம்பியை டேப்பராகக் கடைய வேண்டுமென்றால் முதலில் டான் தீட்டா கணக்குப் போட்டுக் கோணம் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு காம்பவுண்ட் ஸ்லைடை அந்தக் கோணத்துக்குத் திருப்பி இறுக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் படிக்க வேண்டும். உழவு ஓட்டிய அப்பாவோ செருப்புத் தைத்த அப்பாவோ எவ்வளவு தேர்ந்த கைக்காரராக இருந்தாலும் இதை வீட்டுத் திண்ணையில் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. முழு நாள் பள்ளியில் கணக்குப் படித்தவன்தான் அந்த மெஷின் முன்னால் நிற்க முடிந்தது. தொழில் வளர வேண்டும் என்று மனமார விரும்பிய ஒருவர், அந்தத் தொழிலுக்கு ஆள் வரும் வழியை அடைக்கப் பார்த்தார் என்பதே என் குற்றச்சாட்டு. அரை நாள் பள்ளி நின்றிருந்தால், ராஜாஜி விரும்பிய தடையற்ற சந்தை வந்திருந்தாலும் அதில் நுழைய இந்தப் பிள்ளைகளிடம் எதுவும் இருந்திராது.

இதே தவறைச் சுமார் பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் ஒரு செனட்டர் செய்தார். அரிசோனாவின் பேரி கோல்ட்வாட்டர். அரசாங்கம் சுருங்க வேண்டும், வரி குறைய வேண்டும், தனிமனிதன் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்வான் என்ற பழமைவாதக் கொள்கையை அங்கே உரக்கப் பேசியவர். தனிப்பட்ட முறையில் அவர் நிறவெறியர் அல்லர். அரிசோனா விமானக் காவற்படையில் நிறப் பிரிவினையை ஒழித்தவர். 1957, 1960 குடிமை உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். ஆனால் 1964-ல் உணவு விடுதியிலும் வேலைவாய்ப்பிலும் நிறம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, தனியாரின் கதவை அரசு திறக்கச் சொல்வது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று எதிர்த்து வாக்களித்தார். அதே ஆண்டு அதிபர் தேர்தலில் நின்று ஆறு மாநிலங்களைத்தான் வென்றார். சொந்த அரிசோனா ஒன்று. மற்ற ஐந்தும் அந்தச் சட்டத்தை வெறுத்த தென் மாநிலங்கள். உயர்ந்த கொள்கையென்று அவர் நினைத்தது, மற்றவர்களின் கீழான நோக்கத்துக்குக் குடையாகிவிட்டது.

ராஜாஜியை அவரோடு முழுதாகச் சேர்த்துவிடவும் கூடாது. கம்யூனிசத்துக்கு எதிராக ஆயுத பலத்தை நம்பியவர் கோல்ட்வாட்டர். கம்யூனிஸ்டுகளை முதல் எதிரி என்று 1952-ல் சொன்ன ராஜாஜியோ அணு ஆயுதத்தை அடியோடு எதிர்த்தார். அணுச் சோதனைகளை நிறுத்தச் சொல்ல 1962-ல் எண்பத்து மூன்று வயதில் வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்தித்தார். கோல்ட்வாட்டர் தேர்தலில் மக்கள் முன் திரும்பத் திரும்ப நின்றவர் என்பது இன்னொரு வேறுபாடு. ராஜாஜி 1937-ல் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து சட்டசபைக்கு வந்தார். 1952-ல் ஆளுநர் ஸ்ரீபிரகாசாவால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். முதல்வராவதற்காக எந்தச் சேரியிலும் போய் வாக்குக் கேட்டு நிற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு வரவில்லை. வந்திருந்தால் 1953-ன் திட்டம் கோப்பிலேயே கிழிபட்டிருக்கும் என்று நம்புகிறேன். யாரைக் கேட்க வேண்டுமோ அவர்களைக் கேட்காமல், சட்டசபையில்கூட முன்கூட்டி விவாதிக்காமல் கொண்டுவந்த திட்டம் அது. அரசு திடீரென்று மக்கள் வாழ்க்கைக்குள் கை நீட்டக் கூடாது என்று பிற்காலம் முழுதும் சொன்னவருக்கு இது பெரிய முரண்பாடு.

முரண்பாடுகள் இன்னும் உண்டு. 1938-ல் பள்ளிகளில் கட்டாய இந்தியைத் திணித்து, எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்தார். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். அறுபதுகளில் இந்தி ஆதிக்கத்தை அவரைவிடக் கூர்மையாக எதிர்த்தவர்கள் குறைவு. இது மாற்றம், மனிதர் கற்றுக்கொண்டார் என்று ஏற்கலாம். மதுவிலக்கில் அவர் கடைசிவரை மாறவில்லை. 1937 அக்டோபரில் சேலத்தில் தொடங்கி, அதனால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வரி ராஜ்யத்தைச் சாடியவர் கையால் வந்த வரி அது. ஒருவன் வீட்டில் என்ன குடிக்கிறான் என்று பார்க்கப் போலீசை அனுப்புவதும் அரசின் கை நீளுவதுதான். ஆயினும் 1971-ல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவெடுத்தபோது, தள்ளாத வயதில் முதல்வர் கருணாநிதியை நேரில் சந்தித்து வேண்டாமென்று கேட்டுக்கொண்டாரே, அந்த மனிதரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. எஸ்டேட் சம்பள நாளன்று மாலை மதுக்கடை வரிசையைப் பார்க்கிற யாருக்கும் அவருடைய பயம் புரியும். தர்க்கத்தில் அவர் முரண்பட்டார். குடிக்கிற வீட்டுப் பெண்களின் பக்கம் நின்றார்.

சுதந்திராக் கட்சியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959-ன் தொடக்கத்தில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றது. அந்த ஆண்டிலேயே ராஜாஜி, என்.ஜி. ரங்கா, மசானி, முன்ஷி கூடிக் கட்சி தொடங்கினார்கள். நட்சத்திரச் சின்னம். 1962-ல் மக்களவையில் 18 இடம், 1967-ல் 44 இடம் பெற்று மிகப் பெரிய எதிர்க்கட்சி, 1971-ல் 8. கொள்கை சிறு விவசாயிக்கும் சிறு வியாபாரிக்கும் உரியது. கட்சிக்கு இடம் பெற்றுத் தந்தவர்களோ ஜெய்ப்பூர் மகாராணியும் பீகாரின் ராம்கட் ராஜாவும். பழைய சலுகையைக் காத்துக்கொள்ள வந்தவர்களும் புதிய சுதந்திரத்தைக் கேட்டு வந்தவர்களும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். முன்னவர்களின் நிழல் பின்னவர்கள் மேல் விழுந்தது. தமிழகத்தில் 1967-ல் தி.மு.க. அணியில் சேர்ந்து சட்டசபையில் 20 இடம் பெற்றார்கள். அந்த அணியில் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. காங்கிரசை இறக்கும் காரியம் நடந்தது. ராஜாஜியின் பொருளாதாரத்துக்கு அந்த வெற்றியில் இடமிருக்கவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்களித்த ஆட்சிதான் வந்தது. சுதந்திராவில் இருந்த டாக்டர் ஹண்டே பின்னர் எம்.ஜி.ஆரின் சுகாதார அமைச்சரானார். தனிக் குரலாக அந்தக் கட்சி இங்கே வேர் பிடிக்கவில்லை. 1953-ஐ மறக்காத தமிழகத்தில், அரசாங்கம் ஒதுங்கட்டும் என்று ராஜாஜி சொன்னபோதெல்லாம், உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒதுங்கட்டும் என்றுதான் ஏழைகளின் காதில் விழுந்தது. அதற்கு அவர்தான் பொறுப்பு.

ராஜாஜி கடைசிவரை போராடிய இன்னொன்று சொத்துரிமை. 1964-ல் பதினேழாவது திருத்தம் நிலச் சட்டங்களை நீதிமன்றத்தின் பார்வைக்கு அப்பால் கொண்டுபோனபோது, அது ஜமீன்தாரை மட்டும் தொடாது, ஓரிரண்டு ஏக்கர் உழவனையும் அரசின் தயவில் நிறுத்தும் என்றார். அன்று அதை நிலச்சுவான்தார் வாதம் என்று ஒதுக்கினார்கள். அவர் 1972-ல் மறைந்தார். கட்சி 1974-ல் பாரதிய லோக்தளத்தோடு கலந்தது. 1978-ல் சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டது. எடுத்தது ஜனதா ஆட்சி. முன்னாள் சுதந்திராத் தலைவர் எச்.எம். படேல் அதில் அமைச்சர்.

2022-லிருந்து பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் போராடி வருவதைப் பார்க்கும்போது, ராஜாஜியின் வாதம் யாருக்குத் தேவைப்பட்டது என்று தெரிகிறது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு சாலையில் போய்த் திரும்புகிற தூரம்தான். ஏரியும் வயலும் வீடும் எங்களுடையவை, எங்களைக் கேட்காமல் எடுக்காதே என்று கிராம சபையில் தீர்மானம் போடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் ராஜாஜி அறுபதாண்டுக்கு முன்பே அவர்கள் பக்கம் நின்றுவிட்டார். அவரை எதிர்த்த கட்சிகளுக்கும் இன்று அதே வாதத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த வயல்களில் நாற்று நடவும் அறுக்கவும் போகிற கூலிக் குடும்பங்களுக்குப் பட்டா கிடையாது. நிலம் போனால் பட்டாதாரருக்கு இழப்பீட்டுப் பேச்சாவது நடக்கும். இவர்களுக்கு வேலை போகும். சொத்துரிமையை எவ்வளவு உறுதியாக எழுதிவைத்தாலும், சொத்தே சேராதபடி தலைமுறை தலைமுறையாக வைக்கப்பட்டவர்களுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. அவர்களுக்கு வேறொரு உரிமை வேண்டும். அதை அரசிடம்தான் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் ராஜாஜியின் ஏட்டில் பதில் இல்லை. ஆவடியில் தீர்மானம் போட்டவர்களின் ஏட்டில் பதில் இருந்தது, பாதிதான் நிறைவேறியது.